எடைமேடையைக் காணவில்லை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி ஓர் அரசு நிறுவனம் இருந்தது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மறுப்புக் கடிதம் வரும். அதுவும் மூன்று பிரதிகளில் வரும். மூன்றுக்கும் தனித்தனியே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். அங்கே பம்புகளுக்கு உதிரிபாகம் செய்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அந்த நிறுவனத்தின் பொருள் கிடங்கில் கஜபதி முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். அவருக்கு முன்னால் அங்கே கிடங்குக் காப்பாளராக இருந்தவர் அவருடைய தகப்பனார் ஜம்புலிங்கம். தகப்பனும் பிள்ளையுமாக இரண்டு பேர் காலத்திலும் ஒரு திருகாணி குறைந்ததில்லை. இதை அவர்களே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுப்பதும் வழக்கமில்லை.

நிறுவனத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, நிறுவனத்தின் ஜீப்பில் ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஜம்புலிங்கம் பருத்திப்பட்டில் தம் தெருவில் அப்படித்தான் வந்து இறங்கினார். ஆனால் விசாரணை நிலுவையில் உள்ளவருக்கு ஜீப் கிடையாது. அவர் சைக்கிள் கொட்டகையைத் தாண்டிப் பின்வாசல் வழியாகத் தனியே நடந்து போக வேண்டும். விசாரணை எதைப் பற்றி என்று தெருவுக்குத் தெரியாது. ஜீப் வரவில்லை என்பது மட்டும் தெரியும். அது போதும்.

கஜபதி ஓய்வு பெற வேண்டிய நாள் 1994 நவம்பர் முப்பது.

அந்த வருடம் தை மாதத்தில் ரகுநாதன் வந்து சேர்ந்தார். பொருள் அடையாளப் பிரிவின் துணைப் பொது மேலாளர். அப்படி ஒரு பிரிவு அதற்கு முன்னால் இல்லை. அவர் வந்ததால் உண்டாயிற்று. சிங்கப்பூரில் பதினொரு நாள் பயிற்சி பெற்றவர். கிடங்கு வாசலில் ஷாமியானா போட்டு, எல்லோரையும் நிற்க வைத்து, அவர் உட்காராமல் ஒரு மணி நேரம் பேசினார்.

"நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் ஓர் இளைஞர் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தார். தந்தியின் புள்ளியையும் கோட்டையும் நினைத்துக்கொண்டே விரல்களை மணலில் ஊன்றி இழுத்தார். கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகள்தான் இன்று உங்கள் கிடங்குக்கு வந்திருக்கின்றன. கோடு போட்ட பொருளை முதன்முதலாகக் கடையில் கருவியிடம் காட்டி விற்றது 1974இல். அது ஒரு சூயிங்கம் பாக்கெட். மணலிலிருந்து கடைக்கு வர இருபத்தைந்து வருடம் ஆயிற்று. நம் அலுவலகத்தில் ஒரு கோப்பு மாடியிலிருந்து கீழே வருகிற வேகத்தோடு ஒப்பிட்டால் இது மின்னல்."

கூட்டம் கைதட்டியது. மாடியிலிருந்து வந்த அதிகாரிகள்தான் முதலில் தட்டினார்கள்.

"நடுவில் அந்த நாட்டு ரயில்வேயில், வேகன்களுக்கு வண்ணக் கோடு ஒட்டிப் பார்த்தார்கள். அழுக்குப் படிந்தது. கருவிக்குத் தெரியவில்லை. கைவிட்டார்கள். நமக்கு அந்தச் சிக்கல் வராது. வளாகத்தில் அழுக்கு கூடாது என்று 1987லேயே நாம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டோம். இனிமேல் கண்ணால் பார்த்துப் பொருளை எண்ணுவது கிடையாது. கண்ணால் பார்ப்பது மனிதப் பிழை. லேபிள் இருந்தால் பொருள் இருக்கிறது. லேபிள் இல்லை என்றால் பொருள் இல்லை."

கஜபதி பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராயிரத்து நானூறு லேபிளை யார் ஒட்டப்போகிறார்கள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒட்டினார். ஆறு சுமைக்காரர்களும் அவர்களுக்குத் தலைவனான வரதனும் சேர்ந்து நாலு மாதம் ஒட்டினார்கள். கிரீஸ் டிரம்மில் ஒட்டியது வழுக்கிக் கீழே வந்தது. தினமும் காலையில் மேலே தள்ளிவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்துக்கு ஒட்டினார்கள். சுவருக்கு ஒட்டினார்கள். லேபிளைப் படிக்கும் கருவிக்கும் ஒட்டினார்கள். துப்பாக்கி மாதிரி கையில் பிடித்துச் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் அந்தக் கருவி தன்னைத்தானே பார்க்க முடியாததால், முதல் வாரமே காணாமல் போன பொருள்களின் பட்டியலில் ஏறியது. இதைப் படிப்பதற்காக இன்னொரு கருவி வாங்கினார்கள். ஒரே ஒரு முறை படித்த பிறகு அதற்கு வேறு வேலை இல்லை. சும்மா இருக்கக் கூடாதென்று அதை வாசல் காவலர் வேதமுத்துவிடம் கொடுத்து, கோடு போட்ட எது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அதன்மேல் வெளிச்சம் அடிக்கச் சொன்னார்கள். என்ன பொருள் என்று வேதமுத்துவுக்குத் தெரியாது. கருவி கீச்சென்று சத்தம் போடும். விவரம் மாடியில் இருக்கும் கணினிக்குப் போய்விடும்.

கிடங்கின் நடுவில் எடைமேடை இருந்தது. ஜம்புலிங்கம் நின்று பள்ளம் தோண்டவைத்து, தரையோடு தரையாக இறக்கிய இரும்பு மேடை. எடை மட்டும் ஆயிரத்து இருநூறு கிலோ. அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தின் தலையில் வட்ட முகமும் முள்ளும். கஜபதி தினமும் காலையில் அதன் மூட்டுகளுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்ட பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அந்தக் கம்பத்துக்கும் ஒரு லேபிள் ஒட்டப்பட்டது.

புரட்டாசி பிறந்ததும் கஜபதி மேலே ஒரு குறிப்பு எழுதினார். ஆயுதபூஜைக்குச் சாமான்களைக் கழுவிப் பொட்டு வைப்பது இங்கே வழக்கம், லேபிள்களுக்கு என்ன பாதுகாப்பு என்று தெரிவிக்க வேண்டும் என்று கேட்டார். குறிப்பில் லேபிள் ஒட்டப்படாததால் அது பெறப்படவில்லை என்று பதில் வந்தது.

பூஜைக்கு முதல் நாள் துப்புரவு வேலை பார்க்கும் தாயம்மாள், கிடங்கை மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டாள். அவள் கழுவி முடித்ததும் வரதனும் ஆட்களும் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினார்கள். எதைத் தொட்டு வேலை செய்கிறோமோ அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். தை மாதத்திலிருந்து அவர்கள் தொட்டு வேலை செய்தது லேபிளைத்தான்.

"வரதா, லேபிள் மேல வைக்காதே. ஓரமா வை" என்றார் கஜபதி.

"இன்னா நைனா பேசுறே. பொட்ட மூஞ்சில வைக்காம முதுகுலயா வைப்பாங்க? இந்தச் சாமானுக்கெல்லாம் இப்ப இதான் மூஞ்சி. இத்தப் பாத்துதான மாடில இருக்கறவங்க கண்டுக்கிறாங்க."

கஜபதி அத்தோடு விட்டுவிட்டார். குறிப்பு எழுதியாயிற்று, பதில் வந்தாயிற்று. பொரியையும் கடலையையும் வாங்கிக்கொண்டு, கழுவி வைத்திருந்த தம் பித்தளை டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கேரியரின் மூடியில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. டிபன் கேரியருக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். கேட்டால் அதற்கு ஒரு சுற்றறிக்கை வரும். கேட்கவில்லை. வாசலில் வேதமுத்து வழக்கம்போல் கேரியரைத் திறந்து பார்த்தார். மூடியில் வெளிச்சம் அடித்தார். கீச்சென்றது.

"உன் சோத்துக்கும் நம்பர் குடுத்துட்டாங்களா அண்ணாத்தே?" என்றார் வேதமுத்து.

"குடுத்துட்டாங்க."

வீட்டில் மனைவி ராஜம்மாவிடம், "மூடில தண்ணி படாம துடைச்சு வை. கம்பெனி காகிதம்" என்று சொன்னார். அவள் ஈரத் துணியைச் சுட்டு விரலில் சுற்றி, லேபிளைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஒரு மாதம் அப்படித் துடைத்தாள்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை கிடங்கைத் திறந்தபோது கருவி எதையும் படிக்கவில்லை. பதினோராயிரத்துச் சொச்சம் லேபிள்மேலும் சந்தனம் காய்ந்து நடுவில் குங்குமத்தோடு இருந்தது. மதியத்துக்குள் கணினி தன் முடிவை அச்சடித்து அனுப்பியது. இருப்பு: பூஜ்யம்.

ரகுநாதன் வந்தார். கூரை வரை அடுக்கியிருந்த சாமான்களுக்கு நடுவே நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நாலு நாளில் முழுக் கிடங்கும் காலியாகியிருக்கிறது மிஸ்டர் கஜபதி. உங்களுக்கு அதிர்ச்சியாக இல்லையா?"

"சாமான் எல்லாம் இருக்குது சார்."

"நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்கள்."

"ஆமா சார்."

"அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்."

பம்பு பூட்டும் பகுதியிலிருந்து மேஸ்திரி பாஸ்கல், திருகாணிக்கு அடியில் போடும் வாசர் வாங்க வந்தார். இருப்பு பூஜ்யமாக இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. கஜபதி வாசர் பெட்டிமேல் கையை வைத்தபடி, வாசர் இல்லை என்றார்.

"உன் கைக்குக் கீய இருக்கறது இன்னா கஜபதி?"

"வாசர்."

"சரி. இல்லைன்னு எழுதிக் குடு. நான் போய்த் தூங்குறேன்."

எழுதிக் கொடுத்தார். முப்பத்து நான்கு வருடத்தில் கஜபதி எழுதிய முதல் பொய் அது. அதில் அதிகாரியின் முத்திரை இருந்தது.

பிறகு தற்காலிக ஆட்கள் முப்பது பேர் வந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு லேபிளாகச் சந்தனத்தை எடுத்தார்கள். துடைக்கத் துடைக்கப் பொருள்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு நாள் மாலையும் மீட்கப்பட்டவை எத்தனை என்று ரகுநாதன் தலைமையகத்துக்குத் தந்தி கொடுத்தார். தலைமையகம் அவரைப் பாராட்டியது. ஒன்பதாம் நாள் பதினோராயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பொருள்கள் மீட்கப்பட்டிருந்தன.

ஒன்று குறைந்தது. எடைமேடை.

கம்பத்தில் லேபிள் ஒட்டிய இடத்தில் வெறும் பசைத் தடம் இருந்தது. தேடுவதற்கு மூவர் குழு வந்தது. ரகுநாதன், கணக்கு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி. மூன்று பேரும் கிடங்கின் நடுவே நின்று நாலு பக்கமும் பார்த்தார்கள்.

"கடைசியாக எங்கே இருந்தது?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"நீங்க நிக்கிற எடத்துல சார்" என்றார் கஜபதி.

மூவரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். தகடு இருந்தது. அதில் லேபிள் இல்லை. கணக்கு அதிகாரி, குறிப்பிட்ட இடத்தில் பொருள் காணப்படவில்லை என்று எழுதினார். எழுதுவதற்காக அவர் காலை மாற்றி வைத்தபோது முள் கொஞ்சம் ஆடி நின்றது. இருநூற்று எழுபத்தொரு கிலோ. வரதன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கஜபதி கையைக் காட்டி அடக்கினார்.

அவர்கள் போன பிறகு, புதிதாக ஒரு லேபிள் கொடுத்தால் தீர்ந்துவிடுமே என்று கேட்டு எழுதினார். சிதைந்த லேபிளை ஒப்படைத்தால்தான் புதியது தரப்படும். காணாமல் போன பொருளுக்கு லேபிள் வழங்க விதியில்லை.

நவம்பர் எட்டாம் தேதி குற்றச்சாட்டு ஓலை வந்தது. அதை எழுதியவர் வாசல் கருவியின் பதிவுகளைத் தேதி வாரியாகப் பார்த்து, உழைத்து எழுதியிருந்தார்.

"கிடங்குக் காப்பாளர் ஜ. கஜபதி, அக்டோபர் பன்னிரண்டாம் தேதி முதல் ஒவ்வொரு வேலை நாளும் மாலை ஐந்து மணி பத்து நிமிடம் அளவில் நிறுவனத்தின் எடைமேடையை (ஆயிரத்து இருநூறு கிலோ) முன்வாசல் வழியே வெளியே எடுத்துச் சென்றிருக்கிறார். மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். அரசுப் பொருளை அலுவல் நேரத்துக்குப் பிறகு சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்திய குற்றத்துக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

கஜபதி ஓலையை இரண்டு முறை படித்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், கேரியர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, லேபிளின் அடியிலிருந்த எண்களை ஓலையில் இருந்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. தகப்பனாரின் கேரியர் அது. மூடியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ம. ஜம்புலிங்கம் என்று பெயர் வெட்டியிருந்தது. பெயரும் லேபிளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இன்னா அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் ராஜம்மா.

"நாளையிலேர்ந்து எனக்கு இலையில கட்டிக் குடு."

திருட்டுச் சாமான் என்று எழுதப்பட்ட ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது அவரால் ஆகாது. ஆகவே கேரியர் வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் நாள் இரண்டாவது ஓலை வந்தது. எட்டாம் தேதி மாலை வெளியே சென்ற எடைமேடை இதுவரை திரும்பவில்லை என்றும், சொந்த உபயோகம் என்ற குற்றச்சாட்டு இப்போது முழுத் திருட்டாக உயர்த்தப்படுகிறது என்றும் அதில் இருந்தது.

விசாரணை மாடியில் நடந்தது. கஜபதி தாயம்மாளையும் அழைத்துப் போயிருந்தார். அவளே கேட்டு வந்தாள்.

"நான்தான் சார் செஞ்சேன். தண்ணி ஊத்தி அலம்பும்போது அந்த எடை மிசினு மேல இருந்த சீட்டு உரிஞ்சி கீய உயுந்துச்சு. கவர்மெண்டு சீட்டாச்சே, சாக்கடைல போவக் கூடாதேன்னு எடுத்தேன். அலம்பி வச்ச கேரியரெல்லாம் ஒரே மாரி கீது. நைனாவுது மாறிடக் கூடாதுன்னு, ரெண்டு சோத்துப் பருக்க வச்சி அவரு மூடில ஒட்டுனேன். எனக்கு இன்னா தெரியும் அதுல எடை மிசினு கீதுன்னு."

ரகுநாதன் பொறுமையாகக் கேட்டார்.

"எடைமேடையை அதன் இடத்திலிருந்து டிபன் கேரியருக்கு நீங்கள் மாற்றியதாகச் சொல்கிறீர்கள்."

"ஆமா சார்."

"தனியாக?"

"வேற யாரு?"

ரகுநாதன் குறிப்பெடுப்பவரைப் பார்த்தார். "சாட்சி ஆயிரத்து இருநூறு கிலோ பொருளைத் தனி ஒருவராக இடம் மாற்றியதாகச் சொல்கிறார். உடல் ரீதியாக இது இயலாது. சாட்சியம் ஏற்கப்படவில்லை."

"லேபிள் என் கேரியர்ல இருக்குது சார். உரிச்சுக் கொண்டுவந்து குடுத்துடறேன்" என்றார் கஜபதி.

"உரித்தால் அரசு ஆவணத்தைச் சிதைத்த குற்றம்."

"அப்படியே கேரியரோட கொண்டுவரேன்."

"ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எதையும் கையால் தூக்கி வரக் கூடாது. பாதுகாப்பு விதி. லாரி, ஆறு சுமைக்காரர்கள், கூடவே பொறுப்பு அதிகாரி ஒருவர். இந்த மூன்றும் இல்லாமல் அதை உங்கள் வீட்டிலிருந்து நகர்த்தவே கூடாது."

மின்விசிறி சுற்றியது. அதன் லேபிளும் சுற்றியது. ரகுநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. விதிக்கு உட்பட்ட வரையில் நல்லவராகவே இருக்க முயன்றார்.

"மிஸ்டர் கஜபதி, உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. நான் ஒரு வழி சொல்கிறேன். எடைமேடையை எடுத்துச் சென்றது உண்மை, அதற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். முதல் தவறு என்று மன்னித்துவிடலாம். விசாரணை முடிந்துவிடும். ஜீப் வரும், மாலை வரும். நீங்கள் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்குத் தெரிந்ததை வைத்து நான் என்ன செய்ய முடியும்? அமைப்புக்குத் தெரிந்திருக்க வேண்டுமே."

கஜபதி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஜீப் கொட்டகையில் நின்றது. கதவில் லேபிள் இருந்தது.

"எங்கப்பா எறக்கின மேடை சார் அது. அத்த நான் தூக்கிட்டுப் போனேன்னு என் கையாலயே எழுதணுமா?"

"ஒரு வரிதான்."

"ஒரு வரிதான். அத்த எழுதிட்டு ஜீப்புல போறத விட எழுதாம நடந்து போறேன்."

அவர் எழுதியது வேறு மூன்று வரி. என் வீட்டில் நிறுவனத்தின் பொருள் ஒன்றும் இல்லை. இருப்பதாக நிறுவனம் கருதினால் வந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று கண்டால், இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு லேபிள் ஒட்டியே கொடுத்தார். அதனால் அது பெறப்பட்டது. பெறப்பட்டதால் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. லாரிக்கு அனுமதி வாங்க ஒருவர், ஆட்களுக்கு அனுமதி வாங்க ஒருவர், லாரியிலிருந்து இறக்கப் பளுதூக்கி வேண்டுமா என்று ஆராய ஒருவர் என்று கோப்பு மூன்று மேசைகள் ஏறி இறங்கியது. கடைசியில் எல்லாம் சேர்ந்து வந்த தேதி நவம்பர் முப்பது, மாலை நாலு மணி.

கஜபதி அன்று காலை கடைசி முறையாக எண்ணெய் விட்டார். யாரும் பாராட்டிப் பேசவில்லை. விசாரணை நிலுவையில் இருந்தது. நாலு மணிக்குப் பின்வாசல் பக்கம் நடக்கப் போனவரை வரதன் வந்து மறித்தான்.

"எங்க நைனா போறே? லாரி உங்க ஊட்டுக்குத்தான் போவுது. வழி காட்ட ஆளு வேணாமா? ரூல்ஸ்ல கீதாம். ஏறு முன்னால."

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு ரகுநாதனும் அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் கஜபதியும் உட்கார்ந்தார்கள். பின்னால் வரதனும் ஆறு ஆட்களும், கயிறு, கடப்பாரை, உருளைக் கட்டை சகிதம் நின்றார்கள். முன்வாசலில் வேதமுத்து லாரியை நிறுத்தி, ஒரு சம்பங்கி மாலையை ஜன்னல் வழியாக நீட்டி, கஜபதியின் கழுத்தில் போட்டார். மாலையில் கோடு இல்லாததால் வெளிச்சம் அடிக்கவில்லை.

"விசாரணை நிலுவையில் இருக்கிறது" என்றார் ரகுநாதன்.

"இது கம்பெனி மாலை இல்ல சார். நான் மாதா கோயிலுக்குன்னு வாங்கினது" என்றார் வேதமுத்து.

லாரி பருத்திப்பட்டில் தெருவுக்குள் திரும்பியபோது ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஜம்புலிங்கத்துக்கு ஜீப் வந்ததைப் பார்த்த கிழவர்கள் இரண்டு பேர் இன்னும் இருந்தார்கள். மாலையோடு கஜபதி இறங்கினார். பின்னாலேயே கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி இறங்கினார். அதற்கும் பின்னால் ஏழு பேர் குதித்தார்கள். எதிர்வீட்டுச் சகாயமேரி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ராஜம்மாக்கா, இங்க வந்து பாருங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஜீப்பு. உங்க ஊட்டுக்காரருக்கு லாரியே அனுப்பிக்கிறாங்க. பெரிய ஆபீசரே கூட வந்துக்கிறாரு."

ரகுநாதன் வீட்டுக்குள் நுழைந்தார். ஆட்கள் கயிற்றோடு வரிசையாக நின்றார்கள். ராஜம்மா கேரியரைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். புளியும் சாம்பலும் போட்டு, வெந்நீரில் தேய்த்து, அது தங்கம் மாதிரி இருந்தது. வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாதென்று மேல் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். மூடியில் பெயர் மட்டும் இருந்தது.

"லேபிள் எங்கே?" என்றார் ரகுநாதன்.

"அந்தச் சீட்டா? வெந்நீர் ஊத்தினதும் ஊறிப் போயிடுச்சு" என்றாள் ராஜம்மா. "ஒரு மாசமா அதால மூடியைச் சரியாத் தேய்க்க முடியலை. நாலு பேர் பார்க்கப் போற பாத்திரத்தைப் பிசுக்கோட வெளியில குடுத்து இந்த வீட்டுல பழக்கமில்லை."

ரகுநாதன் மூடியில் வெளிச்சம் அடித்தார். சத்தம் வரவில்லை. கேரியரைத் திருப்பி, நாலு தட்டுக்கும் அடித்தார். பொங்கலுக்கும் அடித்தார்.

"பேரு போட்டு கீது பாரு சார்" என்றான் வரதன். "ஜம்புலிங்கம். நாப்பது வருசம் தேச்சும் அழியல. படிக்கத் தெரிஞ்சா படி."

"கருவிக்கு அது தெரியாது."

"உனுக்கு?"

ரகுநாதன் கேரியரை விட்டு நகர்ந்தார். வீட்டில் இருந்த கட்டில், பெட்டி, தண்ணீர்க் குடம், சுவரில் மாட்டியிருந்த ஜம்புலிங்கத்தின் படம் எல்லாவற்றின்மேலும் முறைப்படி வெளிச்சம் அடித்தார். கருவி எதையும் அறியவில்லை. அவர் கொண்டுவந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. பொருள் மீட்கப்பட்டது, பொருள் இல்லை. லாரி ஆறரைக்குள் வளாகத்தில் இருக்க வேண்டும். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு எழுதினார். இவ்வீட்டில் நிறுவனத்தின் பொருள் எதுவும் இல்லை.

கஜபதி அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"தேதி போடலை சார்."

போட்டார்.

"முத்திரை."

பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"மூணு காப்பி வேணும்" என்றார் கஜபதி. "மூணுலயும் தனித்தனியாக் கையெழுத்து."

அதற்குள் ராஜம்மா பொங்கலை வாழையிலைத் துண்டுகளில் எடுத்துக் கொடுத்தாள். ஏழு பேரும் கயிற்றையும் கடப்பாரையையும் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ரகுநாதனும் சாப்பிட்டார். பசித்திருந்தது போலிருக்கிறது, இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

எடைமேடை அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. காணாமல் போன பொருள்களின் பட்டியலில் அது தனியாக இருக்கிறது. வந்து இறங்குகிற சரக்கை எல்லாம் தினமும் அதன்மேல் வைத்துத்தான் நிறுக்கிறார்கள்.

அடுத்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதன் கஜபதியைப் பார்க்க வந்தான். ரகுநாதன் மறுபடி ஷாமியானா போட்டுப் பேசினாராம். இனிமேல் கோடு கிடையாதாம், ரேடியோவாம். யுத்த காலத்தில் ஆகாயத்தில் வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று ரேடியோ அலையை அனுப்பிக் கண்டுபிடித்தார்களாம். அதே மாதிரி ஒவ்வொரு சாமானுக்கும் உள்ளே ஒரு சில்லு வைத்துவிட்டால், மூடி மறைத்து வைத்தாலும் அது தன் பெயரைத் தானே சொல்லுமாம். சந்தனம் வைத்தாலும் ஒன்றும் ஆகாதாம்.

"அப்புறம் உள்ள வந்தப்ப, எடை மிசினுக்கும் வைப்பாங்களான்னு கேட்டேன் நைனா. அதான் காணாம போச்சேன்றாரு. அதும் மேல நின்னுகினேதான் சொல்றாரு."

கஜபதி சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கேட்டார்.

"காலையில எண்ணெய் விடுறியா?"

"உடுறேன் நைனா. ஆனா உன் எடத்துக்குப் புதுசா வந்தவரு, இல்லாத சாமானுக்கு எண்ணெ செலவு எப்படி எழுதறதுன்றாரு."

"எழுத வேணாம்" என்றார் கஜபதி. "விடு."